நான்காவது பொருள்



1806 மே மாதம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த ‘தி பேலன்ஸ் அண்ட் கொலம்பியன் ரெபாசிட்டரி’ என்ற வாரப் பத்திரிகையில் ஒரு தேர்தல் கேலி வெளியானது. தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் வரவு செலவுக் கணக்கு அது. செலவுப் பக்கத்தில் 720 கோப்பை ரம், 411 கோப்பை பிட்டர்ஸ், 25 கோப்பை காக்டெயில் என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் தேர்தலும் போச்சு என்று முடித்திருந்தார்கள். வரவுப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நம் ஊர்த் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

படித்த வாசகர் ஒருவர் சும்மா விடவில்லை. மற்ற பானங்களின் பெயரையெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன், இந்தக் காக்டெயில் என்பது என்னவென்று சொல்லுங்கள் என்று கடிதம் போட்டுவிட்டார். மே 13 இதழில் ஆசிரியர் பதில் எழுதினார். ஏதாவதொரு மது, அதோடு சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்ற மூலிகைக் கசப்பு. இவ்வளவுதான் காக்டெயில் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இதை ஒரு கோப்பை விழுங்கியவன் பிறகு எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடுவான், ஆகவே எதிர்க்கட்சி வேட்பாளர்களுக்கு இது மிகவும் உபயோகமானது என்று ஒரு குத்தும் குத்திவிட்டுத்தான் பேனாவை மூடினார்.

அந்த ஆசிரியர் பெயர் ஹாரி க்ராஸ்வெல். அதிபர் ஜெஃபர்சனைப் பற்றி எழுதியதற்காக அவதூறு வழக்கில் மாட்டி, 1804இல் அலெக்சாண்டர் ஹாமில்டனே அவருக்காக வாதாடிய அளவுக்குப் பெயர் வாங்கியவர். எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பலாமா என்ற கேள்வி அந்த வழக்கில்தான் பெரிதாக எழுந்தது. பிற்காலத்தில் பத்திரிகைத் தொழிலை விட்டுவிட்டுப் பாதிரியார் ஆகிவிட்டார். காக்டெயிலுக்கு அச்சில் முதல் இலக்கணம் எழுதியவர் பிரசங்க மேடைக்குப் போனது எனக்குப் பிடித்த முரண். (வாசகர் கடிதத்தை அவரே எழுதிக்கொண்டிருப்பாரோ என்று கேட்காதீர்கள். அதெல்லாம் தொழில் ரகசியம்.)

இந்தக் கதையை இப்போது சொல்லக் காரணம், எனக்கும் அதே மாதிரி கடிதங்கள் வந்திருக்கின்றன. ஹோட்டல் பாரில் குடித்த ‘ஓல்ட் ஃபேஷன்ட்’ என்ற விஸ்கி காக்டெயில் வீட்டில் செய்தால் சரியாக வருவதில்லை, ஒன்று தொண்டையைச் சுடுகிறது, இல்லாவிட்டால் ஒரேயடியாகத் திகட்டுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூரிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வந்த கடிதங்களிலும் இதே புலம்பல். என்ன போட்டோம் என்று பட்டியலும் இணைத்திருக்கிறீர்கள். விஸ்கியின் பெயர் இருக்கிறது, சர்க்கரையின் ரகம் இருக்கிறது, பிட்டர்ஸ் எத்தனை சொட்டு என்றுகூட இருக்கிறது. க்ராஸ்வெல் சொன்ன நாலில் மூன்று வந்துவிட்டது. தண்ணீரை யாரும் எழுதவில்லை.

அங்கேதான் சங்கதி இருக்கிறது. விஸ்கியில் தண்ணீர் கலப்பது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஒரு பக்கம் ‘ரா’வாக அடிப்பவர் வீரர். இன்னொரு பக்கம் மிக்சிங் என்று சோடாவையோ கோலாவையோ கழுத்துவரை ஊற்றி விஸ்கியை அடையாளம் தெரியாமல் ஆக்குகிறவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது. அளந்து, குளிரவைத்து, கொஞ்சமாகத் தண்ணீர் சேரும் இடம். ஓல்ட் ஃபேஷன்ட் அங்கேதான் நிற்கிறது.

பெயர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1862இல் ஜெர்ரி தாமஸ் என்ற பார்க்காரர் அமெரிக்காவின் முதல் காக்டெயில் செய்முறைப் புத்தகத்தைப் போட்டார். அதில் விஸ்கி காக்டெயில் எளிமையாகத்தான் இருந்தது. அடுத்த பத்திருபது வருடங்களில் பார்க்காரர்களுக்குக் கை துறுதுறுத்தது. குராசாவ், ஆப்சிந்த், மராஸ்கினோ என்று வேறு மதுக்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு அந்தப் பழைய மாதிரியே போடப்பா என்று கேட்ட வாடிக்கையாளர்களால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் உள்ள பெண்டென்னிஸ் கிளப்பில், கர்னல் ஜேம்ஸ் பெப்பர் என்ற விஸ்கி முதலாளிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு கதை இன்றும் பல பார்களில் ஓடுகிறது. அந்த கிளப் தொடங்கியது 1881இல். சிகாகோ டிரிப்யூன் நாளிதழில் ஓல்ட் ஃபேஷன்ட் காக்டெயில் என்ற பெயர் 1880லேயே வந்துவிட்டது. கர்னல் மன்னிக்க வேண்டும்.

1895இல் ஜார்ஜ் கப்பெலர் எழுதிய புத்தகத்தில் உள்ள செய்முறைதான் எனக்கு உரைகல். ஒரு சிறு கட்டிச் சர்க்கரையைக் கண்ணாடித் தம்ளரில் துளித் தண்ணீர் விட்டுக் கரை. அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு தெளி. ஒரு துண்டு ஐஸ், ஒரு துண்டு எலுமிச்சைத் தோல், ஓர் அளவு விஸ்கி. சின்னக் கரண்டியால் கலக்கி, கரண்டியைத் தம்ளரிலேயே விட்டுக் கொடு. முடிந்தது. செர்ரி இல்லை, ஆரஞ்சுச் சுளை இல்லை, சோடா இல்லை. தண்ணீர் முதல் வரியிலேயே இருக்கிறது, பாருங்கள். அதற்குக் காரணம் சாதாரண ரசாயனம். சர்க்கரை தண்ணீரில் கரையும், மதுவில் சரியாகக் கரையாது. விஸ்கியை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு சர்க்கரையைப் போட்டால் எவ்வளவு கலக்கினாலும் அடியில் மணல் மாதிரி தங்கிவிடும். மேலே குடிக்கும்போது எரியும், கடைசி வாய் திகட்டும். உங்கள் புலம்பல் இரண்டுக்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது. கரண்டியை உள்ளே விட்டுக் கொடுத்ததும் அடியில் தங்கியதைக் குடிப்பவரே கலக்கிக்கொள்ளட்டும் என்றுதான் இருக்க வேண்டும்.

இன்றைக்குக் கட்டிச் சர்க்கரையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர், லேசாகச் சூடாக்கிக் கரைத்து ஆறவைத்தால் போதும். இதைப் பாகு என்று சொன்னதும் நம் வீட்டில் கை தானாகக் கம்பிப் பதம் பார்க்கும். வேண்டாம். கரைந்தவுடன் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதித்துக் கெட்டியானால் குளிர்ந்த விஸ்கியில் கலக்காமல் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை சேர்த்தால் நிறமும் லேசான வெல்ல வாசனையும் வரும். போர்பன் விஸ்கிக்கு அது பொருத்தம். சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு வாரம் தாங்கும். கலங்கலாகத் தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

விஸ்கி எது என்பதில் ஆளுக்கொரு மதம். இந்தப் பானம் பிறந்த ஊரில் ரை, போர்பன் இரண்டும்தான். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் என்றால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறியிருக்க வேண்டும். ரை என்றால் அதே 51 சதவீதம் ரை தானியம். போர்பன் இனிப்பும் வெனிலா வாசனையுமாக இருக்கும், ரை காரசாரமாக இருக்கும். இனிப்பு சேர்க்கப்போகிற பானம் என்பதால் என் ஓட்டு ரைக்கு. கிடைக்காவிட்டால் போர்பன். ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று லேபிளில் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். 1897ஆம் வருடச் சட்டப்படி அது குறைந்தது நான்கு வருடம் ஊறியது, 50 சதவீத ஆல்கஹால். தண்ணீர் சேர்ந்த பிறகும் தலை நிமிர்ந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஆடம்பரம் எல்லாம் இல்லை என்று தெரியும். நம் ஊர் பாட்டில்களில் வழக்கமாக 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். விலை குறைந்த ரகங்களில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தோடு கொஞ்சம் மால்ட் கலந்தது. அதில் ஓல்ட் ஃபேஷன்ட் போட்டால் பிட்டர்ஸும் சர்க்கரையும்தான் நாக்கில் தெரியும், விஸ்கி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பெங்களூர் அம்ருத், கோவா பால் ஜான் போன்ற சிங்கிள் மால்ட்கள் தாராளமாக இதற்குத் தாங்கும். விலைதான் யோசிக்க வைக்கும். புகை வாசனை அடிக்கிற ரகத்தை மட்டும் முதல் தடவைக்கு எடுக்காதீர்கள். ஆரஞ்சுத் தோலுக்கும் புகைக்கும் ஒத்துப்போக வைப்பது கை பழகியவர்கள் வேலை.

பிட்டர்ஸ் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், கதை அப்படி. யோஹான் சீகெர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர், சிமோன் பொலிவாரின் விடுதலைப் படையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து வெனிசுவேலாவுக்குப் போனார். ஓரினோகோ ஆற்றங்கரையில் அங்கோஸ்டுரா என்ற ஊரில் அவருக்கு முகாம். வெப்பத்திலும் வயிற்றுக் கோளாறிலும் படை வீரர்கள் வாடியதைப் பார்த்து, வேர்களையும் மூலிகைகளையும் மதுவில் ஊறவைத்து 1824இல் ஒரு கசப்பு மருந்து தயாரித்தார். ஊரின் பெயரே மருந்துக்கும் ஆனது. அந்த ஊருக்கு இன்று சியுடாட் பொலிவார் என்று பெயர். மருந்தின் பெயர் மாறவில்லை. 1870களில் அவர் குடும்பம் டிரினிடாட் தீவுக்கு இடம்பெயர்ந்தது. இன்றும் அங்கேதான் தயாராகிறது. கசப்புக்கு ஜென்ஷியன் என்ற வேர்; மற்றவை என்னென்ன என்பது கம்பெனி ரகசியம். பாட்டிலைப் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம்: லேபிள் பாட்டிலைவிடப் பெரிது, கழுத்தைச் சுற்றிக் காலர் மாதிரி எழும்பி நிற்கும். பாட்டிலைச் சீகெர்ட்டின் ஒரு மகன் ஆர்டர் செய்தான், லேபிளை இன்னொரு மகன் ஆர்டர் செய்தான், அளவு ஒத்துப்போகவில்லை, அப்படியே ஒட்டிவிட்டார்கள் என்பது கம்பெனிக்காரர்களே சொல்லிச் சிரிக்கும் கதை.

ரசத்தில் பெருங்காயம் எந்த வேலையைச் செய்கிறதோ அதைத்தான் பிட்டர்ஸ் இங்கே செய்கிறது. இருப்பது தெரியாது, இல்லாதது உடனே தெரியும். மூடியில் உள்ள சிறு துளை வழியாகப் பாட்டிலைக் கவிழ்த்து ஓர் உதறு உதறினால் ஏறத்தாழ ஒரு மில்லி விழும். அது ஒரு தெளி. இரண்டு தெளி போதும், மூன்று போட்டாலும் குற்றமில்லை. 200 மில்லி பாட்டில் ஒன்று வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு வருடக் கணக்கில் வரும். அதிலும் 44.7 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து இதற்குத் திரும்ப வருகிறேன்.

இனி தண்ணீர். சர்க்கரையைக் கரைக்கத் தேவைப்படும் துளித் தண்ணீரைப் பார்த்துவிட்டோம். அதைவிடப் பல மடங்கு தண்ணீர் நம் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்கிறது. ஐஸ் உருகி வருவது. ஐஸ் பானத்தைக் குளிரவைக்கிறது, கூடவே பாவம் கொஞ்சம் உருகிவிடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் உருகுவதால்தான் குளிர்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது விஸ்கியிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. 60 மில்லி விஸ்கி, நம் பாஷையில் ஒரு லார்ஜ், 30 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 20 மில்லி ஐஸ் தண்ணீராக வேண்டும். தப்பிக்க வழியில்லை. அமெரிக்கச் சமையலறையில் அறையின் சூடு 20 டிகிரி என்றால் 13, 14 மில்லியோடு வேலை முடிந்துவிடும். மே மாதத்து மதுரையில் அதே செய்முறையை அப்படியே செய்தால் பானம் சவசவத்துப் போவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

இதில் இன்னொரு திருடன் இருக்கிறான். அடி கனத்த கண்ணாடித் தம்ளர். இந்தப் பானத்தின் பெயரையே சூட்டி விற்கிறார்களே, அந்தக் குட்டையான தம்ளர். கால் கிலோ கண்ணாடி என்று வையுங்கள். அதைக் குளிரவைக்க விஸ்கிக்கு ஆகிற அளவுக்கே ஐஸ் ஆகும். ஆகவே செய்முறையின் முதல் படி, மாலையிலேயே தம்ளரைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவதுதான். முடிந்தால் விஸ்கியையும் ஒரு மணி நேரம் உள்ளே வையுங்கள். வெப்பம் குறைந்தால் உருகுவது குறையும், தண்ணீர் எவ்வளவு சேர வேண்டும் என்பது உங்கள் கையில் வந்துவிடும்.

ஐஸ் பெரிதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், காரணம் சொல்வதில்லை. 5 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டியை எடுத்து எட்டுச் சின்னக் கட்டிகளாக உடைத்தால் எடை அதேதான், ஆனால் விஸ்கி தொடுகிற பரப்பு இரண்டு மடங்காகிவிடும். பரப்பு கூடினால் உருகுவதும் வேகம் எடுக்கும். தட்டில் வார்த்த சில்லறைக் கட்டிகள் கலக்கும்போதே காரியத்தை முடித்துவிட்டு, குடிக்கும்போது மேலும் மேலும் நீர்க்கவைத்துக்கொண்டிருக்கும். பெரிய கட்டி நிதானமாக வேலை செய்யும். தனி அச்சு வாங்க வேண்டியதில்லை. சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கேன் தண்ணீரை ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் பெரிய கட்டி தயார். மூடி வையுங்கள். பக்கத்தில் வஞ்சிரம் இருந்தால் ஐஸும் வஞ்சிரமாகிவிடும். இது நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பார்களில் பார்க்கிறோமே, கண்ணாடி மாதிரி தெளிந்த ஐஸ், அதையும் வீட்டில் செய்யலாம். சாதாரண ஐஸ் ஆறு பக்கமும் உறைந்துகொண்டே வருவதால் தண்ணீரில் இருந்த காற்றும் உப்பும் தப்ப இடமில்லாமல் நடுவில் சிக்கி வெளுத்துவிடுகின்றன. மூடியில்லாத தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பொருத்தித் தண்ணீர் ஊற்றி வைத்தால் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும், அழுக்கெல்லாம் கீழே தள்ளப்படும். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, மேல்பக்கம் பளபளவென்று வியர்க்கும்வரை பொறுத்திருந்து, பல் வைத்த ரொட்டிக் கத்தியால் கீறித் தட்டினால் நேராகப் பிளக்கும். அழகாகத்தான் இருக்கும். ருசியில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. விருந்தாளி வருகிற நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனிச் செய்துவிடலாம். குளிர்ந்த தம்ளரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரைக் கரைசல், பிட்டர்ஸ் இரண்டு தெளி. அதில் 60 மில்லி விஸ்கியை அளந்து ஊற்றுங்கள். கண்ணால் அளக்கிற கைகாரர்கள் இங்கே அடங்கியிருப்பது நல்லது. மருந்து பாட்டிலோடு வருகிற மூடியில் மில்லி கோடு இருக்கும், அதுகூடப் போதும். பெரிய ஐஸ் கட்டியை மெதுவாக இறக்குங்கள். நீளமான கரண்டியைத் தம்ளரின் ஓரத்தோடு ஓட்டி, ஐஸைச் சத்தமில்லாமல் சுழற்றுங்கள். குலுக்க வேண்டாம், பழச்சாறோ பாலோ முட்டையோ இல்லாத பானத்தைக் குலுக்கினால் காற்றுப் புகுந்து கலங்கும், வேறு லாபமில்லை. அரை நிமிடம் போல் சுழற்றிவிட்டு ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். முனை குத்தினால் இன்னும் கொஞ்சம் சுழற்றுங்கள். எரிச்சல் அடங்கி, விஸ்கியின் வாசனை மேலே எழும்பி வருகிற ஒரு கட்டம் உண்டு. கணக்குப்படி அப்போது பானம் 30 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கும். தம்ளரையும் விஸ்கியையும் நன்றாகக் குளிரவைத்திருந்தால் ஐஸ் போதிய அளவு உருகாமல் முனை மழுங்காது. அப்போது குளிர்ந்த தண்ணீர் ஒரு டீஸ்பூன், வேண்டுமானால் இன்னொன்று, துணிந்து ஊற்றுங்கள். யாரும் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஊற்றுங்கள்.

தோல் கடைசி. ஆரஞ்சை வெந்நீரில் கழுவித் துடையுங்கள், கடைப் பழங்களின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். காய் சீவுகிற பீலரால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை இழுங்கள். உள்பக்கத்து வெள்ளை அதிகம் ஒட்டியிருந்தால் கசக்கும், கத்தியால் வழித்துவிடுங்கள். தோலின் நிறப்பக்கத்தைப் பானத்தைப் பார்த்துத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து மடக்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே செய்தால் புகை மாதிரி எண்ணெய் தெறிப்பது தெரியும். குடிக்கும்போது முதலில் மூக்குக்கு வருவது அந்த எண்ணெய்தான். தம்ளர் விளிம்பில் ஒரு தடவு தடவி, தோலை உள்ளே போட்டுவிடுங்கள். நம் கமலா ஆரஞ்சின் தொளதொளத் தோல் பீலருக்கு அடங்காது, கையால் உரித்து உள்பக்கத்தைக் கரண்டியால் சுரண்டினால் சரியாகிவிடும். ரை ஊற்றியிருந்தால் எலுமிச்சைத் தோல் இன்னும் எடுப்பு. கப்பெலரும் எலுமிச்சைத் தோலைத்தான் சொன்னார்.

செர்ரி எங்கே, ஆரஞ்சுத் துண்டு எங்கே என்று கேட்பவர்களுக்கு இன்னொரு வாசகர் கடிதத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்து 1933 டிசம்பரில் போனது. பார்கள் திரும்பத் திறந்தபோது ஓல்ட் ஃபேஷன்ட் உருமாறியிருந்தது. பழங்களைத் தம்ளரில் போட்டு நசுக்கிக் கொடுத்தார்கள். 1936 புத்தாண்டையொட்டி நியூயார்க் டைம்ஸ் ஆசிரியருக்குப் பழங்காலத்தவர் ஒருவர் பெயர் போடாமல் கொதித்து எழுதினார். சர்க்கரைக் கட்டியைப் பிட்டர்ஸில் நனைத்து, ஐஸும் கரண்டியும் போட்டு, நல்ல போர்பன் பாட்டிலையே முன்னால் வைத்து வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளச் சொன்ன காலம் எங்கே, 15 சென்ட் விலைக்கு அது கிடைத்ததே, இப்போது பழக்கலவையல்லவா தருகிறார்கள் என்பது சாரம். பெயர் போடாமல் வரும் கடிதத்தை நான் பொதுவாகப் பிரசுரிப்பதில்லை. இது வந்திருந்தால் விதியைத் தளர்த்தியிருப்பேன்.

ஆனாலும் அந்தப் பெரியவர் விஸ்கான்சின் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லது. அந்த மாநிலத்தில் ஓல்ட் ஃபேஷன்ட் கேட்டால் விஸ்கியே வராது, பிராந்தி வரும். ஆரஞ்சும் செர்ரியும் நசுக்கிப் போட்டு, மேலே இனிப்புச் சோடாவோ புளிப்புச் சோடாவோ உங்கள் விருப்பம். வெள்ளிக்கிழமை இரவு வறுத்த மீன் சாப்பிட சப்பர் கிளப் என்ற உணவகங்களுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சுத்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். ஓர் ஊரே தலைமுறை தலைமுறையாகச் சந்தோஷமாகக் குடிக்கிற ஒன்றைத் தப்பு என்று சொல்ல யாருக்கு உரிமை? நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் நாம் கப்பெலர் வழியிலேயே போவோம், அவ்வளவுதான். 2007இல் ‘மேட் மென்’ தொடர் வந்து, அதன் நாயகன் டான் டிரேப்பர் கையில் இந்தத் தம்ளர் ஏறிய பிறகு உலகம் முழுக்க பார்களில் பழைய செய்முறைக்குத் திரும்ப மவுசு வந்தது.

மதுவைப் பற்றி ஆசிரியர் பக்கத்தில் எழுதலாமா என்று சிலருக்கு மனத்தாங்கல் இருக்கும். குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்ல இதை எழுதவில்லை. குடிக்கிறவர்கள் அளந்து, நிதானமாக, ருசி தெரிந்து குடிக்கட்டும் என்றுதான். இந்த ஒரு தம்ளரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம். ஆக, ஒன்று குடித்தாலே ஒன்றரை குடித்த கணக்கு. இனிப்பும் குளிர்ச்சியும் அதை மறைத்துவிடும். வீட்டில் செய்வதில் உள்ள ஒரே ஆபத்து, அடுத்ததைத் தடுக்க பில் வராது. வண்டிச் சாவியைத் தொடுவதாக இருந்தால் ஒன்றும் வேண்டாம். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சிறுகதைக்குப் போகலாம்; இந்த இதழில் கதை நன்றாக வந்திருக்கிறது.

குடிக்காத விருந்தாளிக்கும் அதே தம்ளர், அதே பெரிய ஐஸ், அதே தோல் கொடுக்கலாம். விஸ்கி இடத்தில் கெட்டியாக இறக்கி ஆறவைத்த நீலகிரிக் கட்டந்தேநீர், 90 மில்லி. சர்க்கரை அதே அளவு. பிட்டர்ஸை மட்டும் அவரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள். சொன்னேனே, அதில் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டு தெளியில் மிகச் சொற்பம்தான் என்றாலும், மத நம்பிக்கையாலோ மருந்துகளாலோ குடியை விட்ட உறுதியாலோ ஒதுங்கி இருப்பவருக்குச் சொற்பமும் சொற்பமல்ல.

எட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் ஒவ்வொரு தம்ளராக நின்று சுழற்றிக்கொண்டிருக்க முடியாது. முன்கூட்டியே கலந்துவிடலாம். காலி 750 மில்லி பாட்டிலில் 480 மில்லி விஸ்கி, எட்டு டீஸ்பூன் சர்க்கரைக் கரைசல், பதினாறு தெளி பிட்டர்ஸ். பிறகு தண்ணீர், 120 மில்லி. பாட்டிலில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துப் பக்கத்தில் நிற்கிறவர் பதறுவார், பதறட்டும். தனித்தனியாகச் செய்தால் ஐஸ் உருகித் தந்திருக்கும் தண்ணீர்தான் இது. மூடிக் குலுக்கி ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்க விட்டால் மெலிதாக ஐஸ் பூக்கலாம், கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் இளகிவிடும். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் பெரிய ஐஸ் மேல் ஊற்றிக் கொடுக்க வேண்டியதுதான். ஆரஞ்சுத் தோலை மட்டும் முன்னாடியே சீவி வைக்காதீர்கள். அரை மணியில் காய்ந்து, எண்ணெய் போய்விடும். பீலரையும் பழத்தையும் மேசையில் வைத்து, வந்தவர்களையே சீவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்